'அபவுட்' என்றால் எவ்வளவு? தூத்துக்குடி ஏற்றுமதி அலுவலகங்களில் ஒரு சொல் போடும் கணக்கு

ஒரு கற்பனைக் காட்சி. ஆனால் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி, கிளியரிங், ஏற்றுமதி அலுவலகம் என்று எங்காவது வேலை பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு கற்பனையாகத் தெரியாது.

உப்பு ஏற்றிய கப்பல் காலையிலேயே கிளம்பிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பையன், வங்கிக்குக் கொடுக்க வேண்டிய பேப்பர்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறான். வாங்குபவரின் வங்கி அனுப்பிய எல்.சி.யில், அதாவது கடன் உறுதிக் கடிதத்தில், இப்படி இருக்கிறது: 'அபவுட் 10,000 மெட்ரிக் டன் உப்பு, டன்னுக்கு 40 டாலர், மொத்தம் 4,00,000 டாலர்'. கப்பலில் ஏறியது 10,500 டன். பையன் இன்வாய்ஸில் 4,20,000 டாலர் என்று அடித்துவிட்டு சீனியரிடம் காட்டுகிறான்.

"தம்பி, இதுல இருபதாயிரம் டாலர் வராதே."

"ஏன் அண்ணாச்சி? எல்.சி.ல 'அபவுட்'னு தெளிவாப் போட்டிருக்குல்லா. ஐநூறு டன் கூடப் போனா என்ன தப்பு?"

"டன்னுல தப்பே இல்ல. அந்த 'அபவுட்' எது பக்கத்துல நிக்குதுன்னு பாரு. டன்னுக்குப் பக்கத்துல நிக்குது. டாலருக்குப் பக்கத்துல நிக்குதா?"

நிற்கவில்லை. இந்திய மதிப்பில் 15 லட்சம் ரூபாய்க்கும் மேல். சரக்கு கடலில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பையன் படித்தான். அது எந்த எண்ணுக்குச் சொந்தம் என்று பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் 'அபவுட்' என்றால் 'சுமார்' என்று படித்துவிட்டு வந்தவர்கள்தான் நாம் எல்லோரும். தினமும் மெயிலில் பத்து முறை அடிக்கிறோம். அந்தச் சாதாரண வினையுரிச்சொல்லுக்குக் கப்பல் வணிகத்தில் சதவீதத்தோடு பொருள் இருக்கிறது என்பது பலருக்கு வேலைக்கு வந்த பிறகுதான், அதுவும் ஏதாவது சிக்கல் வந்த பிறகுதான் தெரிகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம்

'அபவுட்'டுக்கு இரண்டு முகம். 'டாக் அபவுட் சால்ட்' என்றால் உப்பைப் பற்றிப் பேசு. அங்கே அது முன்னிடைச்சொல். 'அபவுட் 10 டன்ஸ் ஆஃப் சால்ட்' என்றால் ஏறத்தாழ 10 டன் உப்பு. இங்கே அது வினையுரிச்சொல். நமக்கு வேண்டியது இதுதான். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'வெளிப்புறமாக, சுற்றிலும்' என்ற பொருள். எண்ணைச் சுற்றிலும் என்று எடுத்துக்கொண்டால் இப்போதைய பொருளும் பிடிபடும். 'அப்ராக்ஸிமேட்லி' லத்தீன் வழி வந்தது. 'மிக அருகில்' என்ற பொருளுள்ள சொல் அதன் வேர். பேச்சில் 'அபவுட்', அறிக்கையில் 'அப்ராக்ஸிமேட்லி'. வித்தியாசம் அவ்வளவுதான்.

தமிழில் நாம் அடிக்கடி போடும் 'சுமார்' பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே 'ஷுமார்' என்றால் எண்ணுதல், எண்ணிக்கை. எண்ணிக்கை என்ற சொல் நம் ஊருக்கு வந்து, சரியாக எண்ணாததைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அதோடு நிற்காமல் "படம் எப்படி?" என்றால் "சுமார்தான்" என்று சொல்லும் அளவுக்கு இன்னொரு படியும் இறங்கிவிட்டது. பத்திரிகைக்காரர்களான நாங்களும் இந்தச் சொல்லைப் பாடாய்ப் படுத்துகிறோம். 'சுமார் 15-க்கும் மேற்பட்டோர் காயம்' என்று வாரம் ஒருமுறையாவது எங்காவது வருகிறது. சுமார் என்றால் கூடலாம், குறையலாம். மேற்பட்டோர் என்றால் கூட மட்டும்தான். இரண்டும் ஒரே வரியில் எப்படி இருக்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை.

'அபவுட்'டுக்கு என் கணிப்பில் மிகப் பொருத்தமான தமிழ் 'ஏறக்குறைய' அல்லது 'ஏறத்தாழ'. ஏற, குறைய. ஏற, தாழ. இரண்டு திசையும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. 'நியர்லி', 'ஆல்மோஸ்ட்' இரண்டும் அப்படி இல்லை. 'நியர்லி 500' என்றால் 500-ஐத் தொடவில்லை, கீழேதான் இருக்கிறது. 490 பேர் வந்தால் 'நியர்லி 500' சரி. 510 பேர் வந்தால் தவறு. 'அபவுட் 500' இரண்டுக்கும் பொருந்தும். "கிட்டத்தட்ட" என்று தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த இடத்தில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம்.

பேச்சுத் தமிழுக்கு இந்தச் சொற்கள்கூடத் தேவையில்லை. "ஒரு பத்து பேர் வருவாங்க", "அஞ்சு மணி வாக்குல வாரேன்", "பத்து பன்னெண்டு மூடை இருக்கும்". 'ஒரு', 'வாக்குல', அடுத்தடுத்த இரண்டு எண்கள்... கேட்பவருக்குப் புரிந்துவிடும். எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று யாரும் கேட்பதில்லை. வங்கி கேட்கும்.

எண்ண முடியாத சரக்கு

துறைமுகத்துக்கு இந்தச் சொல் ஏன் தேவைப்படுகிறது என்பதற்குத் தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தாலே போதும். உப்பு கடைத்தட்டில் இருக்கும் பாக்கெட் போல எண்ணக்கூடியது இல்லை. காற்றில் ஈரம் இருந்தால் உறிஞ்சும். குவியலாகக் கிடந்தால் நீர் வடியும். அளத்தில் நிறுத்தபோது இருந்த எடை, லாரியில் வந்து கப்பல் அறைக்குள் விழும்போது அப்படியே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மொத்தமாகக் கொட்டி ஏற்றும் சரக்கை எப்படி எடை போடுகிறார்கள்? பெரும்பாலும் கப்பலையே தராசாக்கிவிடுகிறார்கள். 'டிராஃப்ட் சர்வே' என்பார்கள். கப்பலின் முன்புறம், நடு, பின்புறம் என இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடங்களில் நீர்மட்டக் குறிகளைப் படிப்பார்கள். கடல் நீரின் அடர்த்தியை அளப்பார்கள். சாதாரணமாகக் கடல் நீர் 1.025 என்று எடுத்துக்கொண்டாலும், இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அந்த இடத்துத் தண்ணீரை மொண்டு பார்ப்பார்கள். கப்பலின் அட்டவணையை வைத்து, அந்த ஆழத்துக்குக் கப்பல் எவ்வளவு நீரை விலக்குகிறது என்று கணக்கிடுவார்கள். அதிலிருந்து எரிபொருள், நன்னீர், பேலஸ்ட் தண்ணீர் எல்லாவற்றையும் கழிப்பார்கள். ஏற்றுவதற்கு முன் ஒருமுறை, ஏற்றிய பின் ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை.

இவ்வளவு செய்தும், எல்லாம் ஒழுங்காக நடந்தாலே அரை சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்பது தொழிலில் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. 10,000 டன்னுக்கு 50 டன். அலை அடித்துக் குறி தெரியாமல் ஆடினால் இன்னும் கூடும். கப்பல் அறையில் இடம் மிச்சமிருக்கிறதா, எவ்வளவு ஆழத்துக்கு இறக்கலாம் என்பதும் கடைசி நேரத்தில்தான் முடிவாகும். ஆக, மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிய ஒப்பந்தத்தில் '10,000 டன்' என்று மொட்டையாகப் போட்டால் யாராலும் அதை அச்சுப் பிசகாமல் நிறைவேற்ற முடியாது. 'அபவுட்' அந்த இடத்தில் வந்து உட்காருகிறது.

இந்தக் கடற்கரைக்கு இது புதிய சிக்கலும் இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலம் முழுக்க இதே பாடுதான். சிப்பியை எண்ணலாம், உள்ளே முத்து எத்தனை என்று எண்ண முடியாது. அதனால் குளிப்பு அறிவிப்பதற்கு முன் பார்களிலிருந்து மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஒரு தோராயம் போடுவார்கள். அதை வைத்துத்தான் இந்த வருடம் குளிக்கலாமா வேண்டாமா என்ற முடிவு. பிறகு சிப்பிகள் ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். வாங்குபவர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே விலை கேட்பார்.

தோராயம் எப்படிப் பொய்க்கும் என்பதற்கும் இதே வளைகுடா சாட்சி. 1905-ல் இலங்கைக் கரையில் நடந்த குளிப்பில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த வருமானத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் முதலீட்டாளர்களின் 'சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்' அடுத்த வருடமே பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. வருடத்துக்கு 3,10,000 ரூபாய். 1907-க்குப் பிறகு குளிக்கும் அளவுக்குச் சிப்பியே இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்துபோனது. தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு அந்தத் தொழிலே நின்றுவிட்டது.

முத்துக்குக் கிடைக்காத ஒன்று உப்புக்குக் கிடைத்தது. தோராயம் எதுவரை போகலாம் என்ற எல்லை.

அந்த 10 சதவீதம்

பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை, எல்.சி.களுக்கான பொது விதிகளை 1933-லேயே வெளியிட்டது. பல முறை திருத்தப்பட்டு இப்போது நடப்பில் இருப்பது யு.சி.பி. 600. 2007 ஜூலை 1 முதல் நடைமுறை. இது சட்டம் இல்லை. 'இந்த எல்.சி. யு.சி.பி.க்கு உட்பட்டது' என்று எல்.சி.யிலேயே எழுதியிருந்தால்தான் பொருந்தும். நடைமுறையில் கிட்டத்தட்ட எல்லா எல்.சி.யிலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

அதன் 30-வது பிரிவு சொல்வது இதுதான்: தொகை, அளவு, ஒரு யூனிட் விலை ஆகியவற்றில் எதனோடு 'அபவுட்' அல்லது 'அப்ராக்ஸிமேட்லி' வருகிறதோ, அதற்கு மட்டும் 10 சதவீதம் கூடவோ குறையவோ அனுமதி. 'அபவுட் 10,000 டன்' என்றால் 9,000 முதல் 11,000 வரை. 11,001 டன் என்றால் விதி மீறல்.

'அதற்கு மட்டும்' என்பதைத்தான் நம் கதைப் பையன் கவனிக்கவில்லை. அளவோடு ஒட்டிய 'அபவுட்' தொகைக்குத் தாவாது. இலக்கணப் புத்தகத்தில் வினையுரிச்சொல்லை எந்தச் சொல்லுக்கு முன் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும் என்று படித்திருப்போம். அந்தப் பாடம் இவ்வளவு விலையோடு நிரூபணமாவது அபூர்வம்.

இன்வாய்ஸ் தொகை எல்.சி. தொகையைவிடக் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? வங்கி விரும்பினால் அந்த இன்வாய்ஸை ஏற்கலாம் என்று 18-வது பிரிவு சொல்கிறது. ஏற்றாலும் எல்.சி.யில் அனுமதித்த தொகைக்கு மேல் தராது. மிச்சத்தை எல்.சி.க்கு வெளியே வாங்குபவரிடம் நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும். உப்பு அவர் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் எவ்வளவு சாவகாசமாகப் பதில் போடுவார் என்று யூகித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த எல்.சி.யில் 'அபவுட்' என்ற சொல்லே இல்லாவிட்டாலும் பையன் 10,500 டன் ஏற்றியிருக்கலாம். அதே 30-வது பிரிவின் அடுத்த பகுதி, எடையாகச் சொல்லப்பட்ட சரக்குக்குச் சும்மாவே 5 சதவீதம் கூடக் குறைய அனுமதிக்கிறது. நிபந்தனை, வங்கியிடம் கேட்கும் மொத்தத் தொகை எல்.சி. தொகையைத் தாண்டக் கூடாது. அதாவது 'அபவுட்' இருந்தும் அவனுக்கு ஒரு டாலர்கூட லாபம் இல்லை.

இந்த 5 சதவீதச் சலுகை மூடைக்கும் பெட்டிக்கும் கிடையாது. எல்.சி.யில் '1,200 கார்ட்டன் உறைந்த இறால்' என்று எண்ணிக்கையாகச் சொல்லியிருந்தால் 1,200தான். ஒரு பெட்டி கிழிந்துபோனதால் 1,199 அனுப்பினோம் என்றால் வங்கி பேப்பரைத் திருப்பிவிடலாம். எண்ணக்கூடியதை எண்ணித்தான் அனுப்ப வேண்டும் என்பது விதியின் கட்சி. அதே இடத்தில் 'அபவுட் 1,200 கார்ட்டன்' என்று இருந்தால் 1,080 முதல் 1,320 வரை போகலாம். நம் பக்கத்தில் பேல் கட்டி அனுப்பும் நிலாவாரை இலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் 'டின்னெவெலி சென்னா' என்று பெயர் வாங்கிய சரக்கு. '15 டன்' என்று எழுதினால் ஒரு கணக்கு, '150 பேல்' என்று எழுதினால் வேறு கணக்கு. சரக்கு அதேதான்.

இன்னொன்று. விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுவது 'அபவுட்', 'அப்ராக்ஸிமேட்லி' என்ற இரண்டை மட்டும்தான். முந்தைய பதிப்பான யு.சி.பி. 500-ல் 'சர்க்கா' என்ற லத்தீன் சொல்லும், 'இது போன்றவை' என்ற வாலும் இருந்தன. 2007-ல் இரண்டையும் வெட்டிவிட்டார்கள். 'அரவுண்ட்', 'ரஃப்லி', 'மோர் ஆர் லெஸ்' என்று எல்.சி.யில் சதவீதம் சொல்லாமல் வந்தால், அதற்கு 10 சதவீதம் உண்டு என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். ஆங்கிலத்தில் 'அரவுண்ட்' கிட்டத்தட்ட 'அபவுட்'தான். எல்.சி.யில் அப்படி வாதாடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

தேதிக்கு வேறு கணக்கு

தேதியோடு வரும்போது அதே சொல்லுக்குச் சதவீதம் கிடையாது; நாள் கணக்கு. 'ஆன் ஆர் அபவுட் மார்ச் 15' என்றால் அதற்கு முன் ஐந்து நாள், பின் ஐந்து நாள், இரு முனையும் சேர்த்து. மார்ச் 10 முதல் 20 வரை 11 நாட்கள். 21-ம் தேதி இரவு கப்பல் ஏறினால் அது 'அபவுட் 15' இல்லை. வீட்டில் "15-ம் தேதி வாக்குல வாரேன்" என்று சொல்லிவிட்டு 22-ம் தேதி போய் நிற்பவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான விதி.

இதற்கு நேர்மாறானது 'இமீடியட்லி'யின் கதி. 'உடனடியாக அனுப்பவும்', 'கூடிய விரைவில் அனுப்பவும்' என்று எல்.சி.யில் எவ்வளவு கண்டிப்பாக எழுதியிருந்தாலும், யு.சி.பி. 600-ன் 3-வது பிரிவின்படி அந்தச் சொற்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஏதாவது ஒரு ஆவணத்தில் அந்தச் சொல்லே இடம்பெற வேண்டும் என்று கேட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு. காதுக்குக் கறாராகக் கேட்கும் 'உடனே' காலி. வழவழவென்று கேட்கும் 'அபவுட்'டுக்கு எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள்.

அதே பிரிவில் இன்னும் சில உண்டு. ஏற்றுமதிக் காலத்தைச் சொல்லும்போது 'ஃப்ரம்', 'டில்', 'பிட்வீன்' ஆகியவை குறிப்பிட்ட தேதியையும் சேர்க்கும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' சேர்க்காது. 'ஆஃப்டர் மார்ச் 15' என்றால் 16-ம் தேதிதான் தொடக்கம். ஆனால் பணம் தரவேண்டிய தேதியைக் கணக்கிடும்போது 'ஃப்ரம்'கூட அந்தத் தேதியை விட்டுவிடும். இதை மனப்பாடம் செய்வதைவிட மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எல்.சி. இல்லாத இடத்தில்?

இந்த 10 சதவீதத்தை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இது எல்.சி.யின் விதி. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் 'அபவுட்' என்று இருந்தால், அது எவ்வளவு என்பதை அந்தத் தொழில் வழக்கமும் நீதிமன்றமும்தான் சொல்ல வேண்டும். 1930-ம் ஆண்டு இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37-வது பிரிவு, அளவு குறைந்தால் வாங்குபவர் சரக்கை மறுக்கலாம் என்கிறது. கூடினாலும் மிச்சத்தை மட்டுமோ, மொத்தத்தையுமோ மறுக்கலாம். தொழில் வழக்கத்துக்கும் தனி உடன்பாட்டுக்கும் இது கட்டுப்பட்டது என்பது ஒன்றே ஆறுதல்.

அதனால்தான் அனுபவசாலிகள் ஒப்பந்தத்தில் 'அபவுட்'டை நம்பி இருப்பதில்லை. '5 சதவீதம் கூடக் குறைய, விற்பவர் விருப்பப்படி' என்று சதவீதத்தையும், அதை முடிவு செய்வது யார் என்பதையும் எழுதிவிடுவார்கள். கப்பல் வாடகை ஒப்பந்தங்களில் 'மோலூ' என்று ஒரு சுருக்கெழுத்து அடிக்கடி கண்ணில் படும். கூடக் குறைய ஏற்றும் உரிமை கப்பல்காரருக்கு என்று அர்த்தம். ஏறக்குறைய என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி 'அபவுட்'டில் இல்லை. மோலூவில் இருக்கிறது.

கப்பல் எப்போது வரும் என்பதிலும் இதே சொல் வழக்குமன்றம் ஏறியிருக்கிறது. 'மிஹாலிஸ் ஏஞ்சலோஸ்' என்ற கப்பல் வியட்நாமின் ஹைபாங் துறைமுகத்தில் 'அபவுட் 1965 ஜூலை 1' ஏற்றத் தயாராகும் என எதிர்பார்ப்பதாக அதன் உரிமையாளர்கள் அந்த ஆண்டு மே மாதம் எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் கப்பல் ஹாங்காங்கில் முந்தைய சரக்கை இறக்கி முடித்ததே ஜூலை 23-ல்தான். மே மாதம் கையெழுத்துப் போடும்போதே ஜூலை 1 வாக்கில் வந்து சேரும் என்று நம்ப அவர்களிடம் நியாயமான காரணம் இல்லை. 1970-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், டென்னிங் பிரபு இருந்த அமர்வு, வாடகைக்கு எடுத்தவர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்தது செல்லும் என்றது. 'எதிர்பார்க்கிறோம்', 'அபவுட்' என்று இரட்டைப் பாதுகாப்பு போட்டிருந்தும் அவை காப்பாற்றவில்லை. தோராயமாகச் சொல்லலாம், ஆனால் அப்படிச் சொல்ல ஒரு நியாயமான அடிப்படை இருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் இருந்து தினமும் போகும் மெயில்களில் 'ஈ.டி.ஏ. அபவுட் 14, வெதர் பெர்மிட்டிங்' என்று எழுதும் தம்பி தங்கைகள் இந்த வழக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். ஈ.டி.ஏ. என்பதிலேயே 'எஸ்டிமேட்டட்' இருக்கிறது என்பதையும் சேர்த்து. மதிப்பிடப்பட்ட தோராயமான ஏறத்தாழ 14-ம் தேதி என்று யாரும் தமிழில் எழுத மாட்டோம். 'அப்ராக்ஸிமேட்லி அபவுட்' என்பதும் அந்த ரகம்தான். ஒன்று போதும். அதேபோல 'அபவுட் 487 டன்' என்று எழுதினால் படிப்பவர் நெற்றியைச் சுருக்குவார். 487 வரை எண்ணத் தெரிந்தவருக்கு 'அபவுட்' எதற்கு? இந்தச் சொல் 500, 10,000 போன்ற முழு எண்களோடுதான் இயல்பாக ஒட்டும்.

எல்.சி.யில் 'அபவுட் 10,000' என்று இருக்கிறதே என்று இன்வாய்ஸிலும் 'அபவுட் 10,500' என்று காப்பி அடிப்பதும் உண்டு. செய்யாதீர்கள். அனுமதி கேட்கும்போது தோராயம் சரி. ஏற்றி முடித்த பிறகு ஏறிய அளவு தெரியும். அதை அப்படியே எழுத வேண்டும்.

எல்.சி. வந்ததும் எங்கே பார்க்க வேண்டும்?

வங்கிகள் அனுப்பும் ஸ்விஃப்ட் செய்தியில் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண் கட்டம் உண்டு. 32பி என்பது தொகை. 39ஏ என்பது அந்தத் தொகை எத்தனை சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது. '10/10' என்று இருந்தால் 10 சதவீதம் மேலே, 10 சதவீதம் கீழே. 45ஏ என்பது சரக்கு விவரம். அளவும் விலையும் பொதுவாக இங்கேதான் இருக்கும். 44சி கடைசி ஏற்றுமதித் தேதி.

45ஏ-வில் 'அபவுட்' இருந்து 39ஏ காலியாக இருந்தால் அந்த எல்.சி. ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி. அளவு ஏறலாம், பணம் ஏறாது. 39ஏ-வில் 10/10 இருந்து, 45ஏ-வில் '1,200 கார்ட்டன்' என்று மொட்டையாக இருந்தாலும் அதேதான், இந்த முறை தலைகீழாக. பணம் ஏறலாம், பெட்டி ஏறாது. இரண்டு கட்டமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். பொருந்தவில்லை என்றால், சரக்கை ஏற்றத் தொடங்கும் முன்பே வாங்குபவரிடம் சொல்லித் திருத்தம் கேட்க வேண்டும். எல்.சி.யைத் திறந்த வங்கி ஒப்புக்கொண்டு திருத்தம் அனுப்பினால்தான் அது செல்லும். "பாத்துக்கலாம் சார், ஏத்துங்க" என்று வாங்குபவர் வாட்ஸ்அப்பில் சொல்வதை வங்கி படிக்காது. வங்கி பார்ப்பது பேப்பரை மட்டும்தான், சரக்கை அல்ல.

நம் கதைப் பையன் அடுத்த மாதம் இன்னொரு எல்.சி.யைத் திறக்கிறான். இந்த முறை 8,000 டன். 45ஏ-வில் 'அபவுட்' இருக்கிறது. 39ஏ கட்டத்துக்கு வருகிறான். காலி.

"அண்ணாச்சி, இதுலயும் டாலருக்குப் பக்கத்துல ஒண்ணும் இல்ல."

"அப்ப மெயில் போடு. 39ஏ-ல பத்துக்குப் பத்துன்னு திருத்தித் தரச் சொல்லு."

"உடனேன்னு போடவா?"

"தேதி போடு."

கப்பல் வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.